ரேகைச் சட்டம் முதல் டிஎன்ஏ சேமிப்பு வரை: நம் உடலின் பதிவேடு யார் கையில்?

வேங்கைவயல் பற்றிப் பேசும் இடங்களிலெல்லாம் இளம் தோழர்களிடமிருந்து ஒரு கேள்வி வருகிறது. "மக்கள் ஏன் டிஎன்ஏ சோதனைக்கு மறுத்தார்கள்? தப்பு செய்யாதவர்களுக்கு என்ன பயம்?" இது நேர்மையான கேள்விதான். அறிவியலை நம்புகிறவர்கள் நாம். மூடநம்பிக்கைக்கு எதிராக அறிவியலை உயர்த்திப் பிடித்த அம்பேத்கர், பெரியார் மரபில் வந்தவர்கள். அப்படியிருக்க, ஒரு அறிவியல் சோதனையைக் கண்டு ஒரு சேரி ஏன் தயங்க வேண்டும்?

இதற்குப் பதில் வரலாற்றில் இருக்கிறது. நம் மக்கள் ஊசியைப் பார்த்துப் பயப்படவில்லை. எடுத்த ரத்தம் எந்தப் பதிவேட்டில் ஏறும், அந்தப் பதிவேட்டை யார் வைத்திருப்பார்கள், எத்தனை காலம் வைத்திருப்பார்கள் என்பதுதான் அவர்களின் கவலை. இந்த மண்ணில் அந்தக் கவலைக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது.

பெருவிரலில் தொடங்கியது

கைரேகையை ஆட்சிக் கருவியாக்கும் சோதனை லண்டனில் நடக்கவில்லை, வங்காளத்தில் நடந்தது. 1858இல் வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய அதிகாரி ஒரு ஒப்பந்தக்காரரின் கையை மையில் தோய்த்து ஒப்பந்தத்தில் பதிய வைத்தார். 1897இல் கல்கத்தாவில் கைரேகைப் பிரிவு அமைந்தது. லட்சக்கணக்கான ரேகைகளில் ஒன்றைத் தேடி எடுக்கும் வகைப்பாட்டு முறையை உருவாக்குவதில் அசிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு இந்திய அதிகாரிகள் பெரும் பங்காற்றினார்கள். அந்த முறைக்கு வைக்கப்பட்ட பெயரோ அவர்களின் மேலதிகாரி எட்வர்ட் ஹென்றியின் பெயர்.

ரேகை கையில் வருவதற்கு முன்பே அதைப் பூட்டி வைக்கப் பெட்டி தயாராக இருந்தது. அதுதான் 1871இன் குற்றப் பரம்பரைச் சட்டம். ஒருவர் என்ன செய்தார் என்று அந்தச் சட்டம் பார்க்கவில்லை. எந்தச் சாதியில் பிறந்தார் என்று பார்த்து அவரைக் குற்றவாளி என்றது. 1911இல் அது திருத்தப்பட்டு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பட்டியலில் ஏறிய சமூகத்தவர் பெயரைப் பதிய வேண்டும், ரேகை வைக்க வேண்டும். ஊரை விட்டுப் போவதற்கும் கட்டுப்பாடு வந்தது. தென் மாவட்டத்து மக்கள் அதற்கு வைத்த பெயரே 'ரேகைச் சட்டம்'. சட்டத்தின் உயிர் எங்கே இருந்தது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

1920 ஏப்ரல் 3. உசிலம்பட்டி வட்டாரத்துப் பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்துத் திரண்ட பிறமலைக் கள்ளர் மக்கள் மீது போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் செத்தார்கள். ஒரு பெருவிரல் பதிவுக்காக இத்தனை உயிர்கள்.

இங்கே சிலர் நம்மைக் கேட்பார்கள்: "அவர்கள் இடைநிலைச் சாதி. இன்று நம் மீது வன்முறை செய்கிற கூட்டத்திலும் அவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கதை நமக்கு எதற்கு?" இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, அதே பட்டியலில் குறவர்கள் இருந்தார்கள். இன்று தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினரான அவர்கள், எங்காவது நகை காணாமல் போனால் முதலில் தூக்கிச் செல்லப்படுபவர்களாக இன்றும் இருக்கிறார்கள். இரண்டாவது, பிறப்பை வைத்துக் குற்றவாளிப் பதிவேடு எழுதும் அரசு, யாருடைய பெயரை எழுதினாலும் நாம் எதிர்க்க வேண்டும். அந்தப் பேனா கடைசியில் நம் தெருவுக்கு வரும்.

அதே 1920ஆம் ஆண்டு செப்டம்பரில் கைதிகள் அடையாளச் சட்டம் வந்தது. ரேகை, காலடித் தடம், புகைப்படம் ஆகியவற்றை எடுக்கப் போலீசுக்கு அதிகாரம் தந்த சட்டம். வெள்ளைக்காரன் போட்ட அந்தச் சட்டத்திலும் சில வேலிகள் இருந்தன. விசாரணைக் கட்டத்தில், ஓராண்டோ அதற்கு மேலோ கடுங்காவல் தண்டனை உள்ள குற்றங்களில் கைதானவர்களிடம்தான் எடுக்கலாம். முன்பு தண்டனை பெறாத ஒருவர் விடுதலையானால், நீதிமன்றம் வேறு மாதிரி உத்தரவிடாத வரை, எடுத்ததை அழிக்க வேண்டும் அல்லது அவரிடமே கொடுத்துவிட வேண்டும். இந்த இரண்டு வேலிகளையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நூறாண்டு கழித்து அவை என்ன ஆயின என்று பார்ப்போம்.

குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இலும் நாடு முழுவதும் 1952இலும் ஒழிந்தது. ஆனால் அதன் இடத்தில் 'வழக்கமான குற்றவாளிகள்' சட்டங்கள் வந்தன. சாதிப் பெயர் போய் 'பழக்கம்' என்ற சொல் வந்தது. பதிவேட்டின் அட்டை மாறியது, உள்ளே இருந்த பெயர்கள் பெரிதாக மாறவில்லை. 2024 அக்டோபர் 3 அன்று சுகன்யா சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சிறைகளில் நிலவும் சாதிப் பாகுபாட்டை அரசியல் சட்டத்துக்கு விரோதமானது என்று தீர்ப்பளித்தபோது, 'வழக்கமான குற்றவாளி' என்ற சொல் சீர்மரபினருக்கு எதிராக எப்படிப் பயன்படுகிறது என்பதையும் சேர்த்தே பேச வேண்டியிருந்தது. சிறைப் பதிவேட்டில் இருக்கும் சாதிக் கட்டத்தையே நீக்கச் சொன்ன தீர்ப்பு அது.

டிஎன்ஏ முதலில் விடுவித்தது ஒரு நிரபராதியை

இப்போது அறிவியலுக்கு வருவோம். 1984 செப்டம்பரில் இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரிஸ், மனிதருக்கு மனிதர் வேறுபடும் டிஎன்ஏ வடிவத்தைக் கண்டுபிடித்தார். அதே வட்டாரத்தில் 1983இலும் 1986இலும் இரண்டு சிறுமிகள் பாலியல் வன்முறைக்குள்ளாகிக் கொல்லப்பட்டிருந்தார்கள். போலீஸ் 17 வயது இளைஞர் ஒருவரைப் பிடித்தது. அவர் ஒரு கொலையை ஒப்புக்கொள்ளவும் செய்தார். டிஎன்ஏ சோதனை சொன்னது வேறு: இரண்டையும் செய்தது ஒரே ஆள், அந்த ஆள் இவர் இல்லை.

இதை நம் தோழர்கள் அழுத்திப் படிக்க வேண்டும். குற்ற வழக்கில் டிஎன்ஏவின் முதல் வேலை, போலீஸ் வாங்கிய ஒப்புதல் வாக்குமூலத்தைப் பொய்யாக்கியது. லாக்கப்பில் அடித்து வாங்கிய கையெழுத்தால் வாழ்க்கையை இழந்தவர்கள் நம் ஊர்களில் எத்தனை பேர்! அவர்களுக்கு இந்த அறிவியல் எதிரி அல்ல.

அதே வழக்கில் இன்னொரு பாடமும் உண்டு. கொலையாளியைத் தேட அந்த வட்டாரத்து ஆண்கள் ஆயிரக்கணக்கானோரிடம் மாதிரி கேட்கப்பட்டது. உண்மைக் கொலையாளியான காலின் பிட்ச்ஃபோர்க், தன் பெயரில் உடன் வேலை செய்தவரைப் போய் ரத்தம் கொடுக்க வைத்தான். ஆய்வகம் அந்த ரத்தத்தைச் சரியாகத்தான் ஆராய்ந்தது. குழாயில் எழுதியிருந்த பெயர்தான் பொய். அந்த ஆள் மாறாட்டம் வெளியே கசிந்த பிறகே அவன் பிடிபட்டான். 1988இல் தண்டிக்கப்பட்டான். அறிவியல் சரியாக இருந்தும் பதிவு தவறாக இருந்தால் முடிவு தவறாகும் என்பது டிஎன்ஏவின் முதல் வழக்கிலேயே தெரிந்துவிட்டது.

சேமிப்பில் யார் நிறைந்தார்கள்?

1995 ஏப்ரலில் பிரிட்டன் தேசிய டிஎன்ஏ தரவுத்தளத்தைத் தொடங்கியது. தொடக்கத்தில் விடுதலையானவர்களின் பதிவு அழிக்கப்பட வேண்டும் என்றிருந்தது. 2001இல் அந்த விதி போனது. பிறகு, கைதானாலே எடுக்கலாம், வழக்கே போடாவிட்டாலும் வைத்துக்கொள்ளலாம் என்றானது. விளைவு என்ன? தெருவில் போலீஸ் யாரை அதிகம் நிறுத்துகிறதோ அவர்களால் தரவுத்தளம் நிறைந்தது. கறுப்பின இளைஞர்களில் நான்கில் மூன்று பங்கினர் விரைவில் அதற்குள் இருப்பார்கள் என்று 2007இல் நாடாளுமன்ற உள்துறைக் குழுவே எச்சரித்தது. கறுப்பர்களைச் சேர்க்க வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் எழுதப்படவில்லை. கைது செய்யும் கையில் இனவெறி இருந்தது, அது போதுமாக இருந்தது.

இதை எதிர்த்து ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் போனவர்கள் இரண்டு சாதாரண மனிதர்கள். ஒருவர் கைதானபோது 11 வயதுச் சிறுவன், பின்னர் விடுதலையானவன். இன்னொருவர் மீதான வழக்கே கைவிடப்பட்டது. 2008 டிசம்பர் 4 அன்று 17 நீதிபதிகளும் ஒருமித்துச் சொன்னார்கள்: குற்றவாளி என்று நிரூபிக்கப்படாதவர்களின் ரேகையையும் டிஎன்ஏவையும் காலவரையின்றி வைத்திருப்பது தனிமனித வாழ்வுரிமை மீறல். 'எஸ் மற்றும் மார்ப்பர்' தீர்ப்பு என்று அதற்குப் பெயர். அதன் பிறகு 2012இல் புதிய சட்டம் வந்தது. பத்து லட்சத்துக்கும் அதிகமான நிரபராதிகள், சிறுவர்களின் பதிவுகள் நீக்கப்பட்டன. ஆய்வகங்களில் கிடந்த உடல் மாதிரிகளும் லட்சக்கணக்கில் அழிக்கப்பட்டன.

ஒரு சிறு விளக்கம் இங்கே தேவை. மாதிரி வேறு, விவரக்குறிப்பு வேறு. எச்சில், ரத்தம் போன்றவை மாதிரி. அதில் நம் நோய், பரம்பரை, உறவுமுறை எல்லாம் அடக்கம். அதிலிருந்து குறிப்பிட்ட சில இடங்களை மட்டும் அளந்து எடுக்கும் எண்களின் வரிசைதான் விவரக்குறிப்பு. அடையாளம் காண எண்கள் போதும். எண்கள் கிடைத்த பிறகும் மாதிரியை யாராவது வைத்திருந்தால், எதற்கு என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. அதோடு, டிஎன்ஏ ஒருவருக்கு மட்டும் சொந்தமானதல்ல. அண்ணனின் பதிவு தம்பியையும் காட்டிக் கொடுக்கும். ஒரு தெருவில் பத்துப் பேரின் பதிவு ஏறினால், ஒருவகையில் அந்தத் தெருவே ஏறிவிடுகிறது.

ஜெர்மனியின் ஆவிப் பெண்

பதிவு கெட்டுப்போனால் அதன் சுமை யார் தலையில் விழும் என்பதற்கு ஜெர்மனி ஒரு சாட்சி. 2007 ஏப்ரலில் ஹெய்ல்பிரான் நகரில் ஒரு இளம் பெண் காவலர் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய காரில் ஒரு பெண்ணின் டிஎன்ஏ கிடைத்தது. அதே டிஎன்ஏ ஜெர்மனி, ஆஸ்திரியா, பிரான்ஸ் நாடுகளில் மொத்தம் 40 குற்றங்கள் அளவுக்குப் பதிவானது. கொலை, கொள்ளை, சாதாரணத் திருட்டு எல்லாவற்றிலும் ஒரே பெண்! ஆண்டுக்கணக்கில் தேடினார்கள். விசாரணையில் சந்தேகம் ரோமா மக்கள் மீது பாய்ந்தது. ஐரோப்பாவில் தலைமுறை தலைமுறையாகத் 'திருட்டுக் கூட்டம்' என்று முத்திரை குத்தப்பட்ட மக்கள் அவர்கள். நம் குறவர்களின் கதையும் அவர்களின் கதையும் பக்கத்துப் பக்கத்து வீட்டுக் கதைகள்.

2009இல் உண்மை தெரிந்தது. அப்படி ஒரு குற்றவாளியே இல்லை. மாதிரி எடுக்கப் பயன்பட்ட பஞ்சுக் குச்சிகளைத் தயாரித்த இடத்தில் வேலை செய்த ஒரு தொழிலாளியின் டிஎன்ஏ அது. குச்சியிலேயே ஒட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போயிருக்கிறது. 2011இல் அந்தக் காவலரின் கொலைக்குக் காரணம் என்.எஸ்.யூ. என்ற நவநாஜிக் கும்பல் என்று வெளியானது. ஆய்வகக் கருவி சொன்ன பிழையும் சமூகம் ஏற்கெனவே வைத்திருந்த வெறுப்பும் கைகோத்தபோது, உண்மைக் கொலைகாரர்கள் நிம்மதியாக இருந்தார்கள், ரோமா மக்கள் சந்தேகத்தில் கிடந்தார்கள்.

75 ஆண்டுகள்

இந்தியாவில் 2005இல் குற்றவியல் நடைமுறைச் சட்டம் திருத்தப்பட்டு, கைதானவரின் மருத்துவப் பரிசோதனையில் டிஎன்ஏவும் சேர்ந்தது. இன்று அது பிஎன்எஸ்எஸ் சட்டத்தின் 51, 52ஆம் பிரிவுகளில் தொடர்கிறது. தனியாக ஒரு டிஎன்ஏ சட்டம் கொண்டுவர 2007 முதலே வரைவுகள் வந்தன. 2019இல் மக்களவையில் அறிமுகமான மசோதா நாடாளுமன்ற நிலைக்குழுவுக்குப் போனது. 2021 பிப்ரவரியில் வந்த அதன் அறிக்கையில், மதம், சாதி, அரசியல் கருத்து ஆகியவற்றின் அடிப்படையில் இந்த வங்கி தவறாகப் பயன்படுத்தப்படலாம் என்ற அச்சத்தை அடிப்படையற்றது என்று குழு தள்ளிவிடவில்லை. அசதுத்தீன் ஒவைசியும் பினோய் விஸ்வமும் மாற்றுக் கருத்து எழுதினார்கள். 2023 ஜூலையில் மசோதா திரும்பப் பெறப்பட்டது.

நாம் வென்றுவிட்டோமா? இல்லை. வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைப்புறக் கதவைத் திறந்துவிட்டார்கள். 2022 ஏப்ரலில் குற்றவியல் நடைமுறை (அடையாளம் காணல்) சட்டம் நிறைவேறி, ஆகஸ்ட் 4 முதல் நடைமுறைக்கு வந்தது. 1920இன் சட்டத்தை எடுத்துவிட்டு வந்தது இது. ரேகையோடு கருவிழி, விழித்திரை, உயிரியல் மாதிரிகள், அவற்றின் ஆய்வு முடிவு எல்லாம் சேர்ந்தன. அந்த இரண்டு வேலிகள் ஞாபகம் இருக்கிறதா? முதல் வேலி போய்விட்டது: எந்தக் குற்றத்துக்குக் கைதானாலும், தடுப்புக் காவலில் வைக்கப்பட்டாலும், நன்னடத்தைப் பிணை கேட்கப்பட்டாலும் அளவுகள் எடுக்கலாம். விசாரணைக்குத் தேவை என்று கருதினால் யாரிடமும் எடுக்க மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். பதிவு தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தில் 75 ஆண்டுகள் இருக்கும். 20 வயதில் கைதாகும் மாணவரின் பதிவு அவருடைய 95 வயது வரை!

இரண்டாவது வேலி பாதி நிற்கிறது. முன்பு தண்டனை பெறாதவர் விடுதலையானால் அழிக்கலாம், ஆனால் மேல்முறையீடுகள் எல்லாம் முடிந்த பிறகு. அதற்கும், 2022 செப்டம்பரில் வந்த விதிகளின்படி, மாநிலம் நியமிக்கும் பொறுப்பு அதிகாரியிடம் நாம்தான் விண்ணப்பம் போட வேண்டும். பதினைந்து ஆண்டு வழக்கு நடத்திக் கடனாளியாகி வெளியே வந்த ஒரு கூலித் தொழிலாளிக்கு, இப்படி ஒரு விண்ணப்பம் இருப்பதே தெரியாது.

2021ஆம் ஆண்டின் சிறைக் கணக்கில், இந்தியச் சிறைகளில் இருந்தவர்களில் 77 விழுக்காட்டினர் விசாரணைக் கைதிகள், அதாவது குற்றம் நிரூபிக்கப்படாதவர்கள். மக்கள் தொகையில் 16.6 விழுக்காடான பட்டியல் சாதியினர், அந்த விசாரணைக் கைதிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. கைதையே நுழைவாயிலாக வைத்த சேமிப்பில் யார் அதிகம் ஏறுவார்கள் என்று அறிய ஆரூடம் தேவையில்லை. பிரிட்டனில் கறுப்பர்களுக்கு நடந்தது இங்கே நமக்கு நடக்கும்.

நமக்குத் தேவைப்படும்போது பதிவு எங்கே?

இதன் மறுபக்கம் இன்னும் கொடியது. 2020 செப்டம்பர் 14 அன்று உத்தரப் பிரதேசத்தின் ஹாத்ரஸில் ஒரு தலித் பெண் தாக்கப்பட்டார். பாலியல் வன்முறைக்கான மாதிரிகள் எடுக்கப்பட்டது எட்டு நாள் கழித்து. ஆய்வகத்துக்குப் போய்ச் சேர்ந்தது பதினோரு நாள் கழித்து. அவர் இறந்ததும் போலீசே இரவோடு இரவாக உடலை எரித்தது. பிறகு ஓர் உயர் போலீஸ் அதிகாரி, விந்தணு கிடைக்கவில்லை, எனவே வன்புணர்வு இல்லை என்றார். சட்டப்படி வன்புணர்வை நிரூபிக்க விந்தணு தேவையே இல்லை. 2023 மார்ச்சில் விசாரணை நீதிமன்றம் ஒருவரை மட்டும் தண்டித்தது, வன்புணர்வுக் குற்றச்சாட்டில் யாரையும் தண்டிக்கவில்லை. நம்மைக் குற்றவாளியாக்க 75 ஆண்டு காக்கும் அரசு, நமக்கு நீதி வேண்டியபோது ஒரு வாரம் கூடத் தடயத்தைக் காக்கவில்லை.

தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கு ஒன்றும் உண்டு. தேனி மாவட்டம் சுருளி அருவிப் பகுதியில் 2011இல் நடந்த இரட்டைக் கொலையில் ஒருவருக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. 2025 ஜூலை 15 அன்று உச்ச நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. டிஎன்ஏ மாதிரிகள் கையாளப்பட்ட விதத்தில் இருந்த ஓட்டைகள் முக்கியக் காரணம். அதோடு நாடு முழுமைக்கும் நெறிமுறை சொன்னது: மாதிரி எடுத்த 48 மணி நேரத்துக்குள் ஆய்வகம் போய்ச் சேர வேண்டும், நீதிமன்ற அனுமதியில்லாமல் முத்திரையை உடைக்கக் கூடாது, எடுத்ததிலிருந்து தீர்ப்பு வரை யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று ஒரு பதிவேடு இருக்க வேண்டும், அது வழக்குக் கட்டில் சேர வேண்டும். இப்படி ஒரு பதிவேடு வேண்டும் என்று சொல்ல 2025 வரை ஆகியிருக்கிறது. அதற்குள் ஒரு மனிதர் தூக்குக் கயிற்றின் நிழலில் ஆண்டுகளைக் கழித்துவிட்டார்.

மீண்டும் வேங்கைவயல்

2022 டிசம்பர் 26. புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரிய வந்தது. 2023 ஜனவரியில் வழக்கு சிபிசிஐடிக்குப் போனது. ஏப்ரலில் 11 பேரிடம் டிஎன்ஏ மாதிரி எடுக்க நீதிமன்றம் அனுமதித்தது. பாதிக்கப்பட்ட தரப்பிலிருந்த எட்டுப் பேர் மறுத்தார்கள். எங்களையே குற்றவாளியாக்கப் பார்க்கிறார்கள் என்பது அவர்கள் வாதம். பின்னர் நீதிமன்ற உத்தரவால் அவர்களும் கொடுக்க நேர்ந்தது. சிறுவர்களிடமும் எடுக்கப்பட்டது. 2025 ஜனவரியில் வந்த குற்றப்பத்திரிகை மூவர் மீது குற்றம் சாட்டியது. மூவரும் அதே வேங்கைவயலின் தலித்துகள். சிபிஐ விசாரணை வேண்டும் என்று கட்சிகளும் இயக்கங்களும் கேட்டன.

வழக்கின் முடிவை நீதிமன்றம் சொல்லட்டும். ஆனால் தப்பு செய்யாதவனுக்கு என்ன பயம் என்று கேட்ட தோழருக்கு இப்போது பதில் சொல்லலாம். அந்த எட்டுப் பேரும் அறிவியலை மறுக்கவில்லை. அந்தக் குழாய் எங்கே போகும், எத்தனை காலம் இருக்கும், பொருந்தாவிட்டால் அழிக்கப்படுமா என்ற கேள்விகளுக்கு யாரும் எழுத்தில் பதில் தராத நிலையில் அவர்கள் தயங்கினார்கள். 1920இல் பெருவிரலை நீட்ட மறுத்தவர்களின் தயக்கமும் இதுதான்.

டிஎன்ஏவே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பதிவேட்டின் மீது மக்களுக்கு உரிமை வேண்டும் என்கிறோம். விடுதலையானவரின் பதிவு, அவர் கேட்காமலே அழிய வேண்டும். விவரக்குறிப்பு எடுத்ததும் மாதிரி அழிக்கப்பட வேண்டும். 75 ஆண்டு என்ற கணக்கு போக வேண்டும். பதிவுகளைக் கண்காணிக்கும் அமைப்பு போலீசுக்கு வெளியே இருக்க வேண்டும், அதில் தலித், பழங்குடி, சீர்மரபினர் பிரதிநிதிகள் உட்கார வேண்டும்.

அதுவரை களத்தில் நிற்கும் தோழர்கள் சிலவற்றை மனதில் வையுங்கள். பெண்கள், குழந்தைகளுக்கு எதிரான குற்றமல்லாத, ஏழாண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள வழக்கில் கைதானால், உயிரியல் மாதிரி தர மறுக்க 2022 சட்டத்திலேயே இடமுண்டு. போராட்டக் கைதுகள் பெரும்பாலும் இந்த வகைதான். மாஜிஸ்திரேட் உத்தரவு என்றால் அதன் நகலைக் கேளுங்கள். வழக்கிலிருந்து விடுபட்டவர்கள் உங்கள் ஊரில் இருந்தால், பதிவை அழிக்கக் கோரும் விண்ணப்பத்தை எழுதிக் கொடுங்கள், ஒப்புகை வாங்குங்கள். வன்கொடுமை வழக்கில் பாதிக்கப்பட்டவர் பக்கம் நிற்கும்போது, பாலியல் வன்முறை என்றால் 24 மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்பச் சட்டம் சொல்கிறது என்பதை நிலையத்தில் நின்று வலியுறுத்துங்கள். மாதிரி எடுத்த நேரம், முத்திரை, ஆய்வகம் சேர்ந்த நாள் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவு, ஆவணங்களை வரவழைக்கச் சிறப்பு நீதிமன்றத்தில் மனுப்போட பாதிக்கப்பட்டவருக்கு உரிமை தருகிறது. கைமாறிய பதிவேட்டை அந்தப் பிரிவின் கீழ் கேளுங்கள்.

நூறாண்டாக நம்மைப் பற்றி அவர்கள் பதிவேடு எழுதியிருக்கிறார்கள். இனி அவர்கள் எழுதும் ஒவ்வொரு பதிவுக்கும் நாமும் ஒரு பதிவு வைத்திருப்போம்.